வாசலில் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் யாரிடமாவது சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். வயதானவர்கள் ஹட்டன், பதுளை, தலவாக்கலை என்று கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இருக்கும் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். பிள்ளைகள் "இங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ரெண்டுக்கும் நடுவில் இருப்பவள். தலவாக்கலையில் பிறந்து, எழுபதுகளின் நடுவில் சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு கோத்தகிரிக்கு வந்தேன்.

எப்படி வந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கே இது சரியாகத் தெரியவில்லை. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால், தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலையில் உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று முடிவாயிற்று. அந்த மீதியையும் 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் சனத்தைக் கலந்துகொள்ளாமலே இவ்வளவும் நடந்தது. ஒரே லயத்தில், அதாவது ஒரே லைன் வீட்டு வரிசையில், அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்றானது. எங்கள் அம்மாயி அங்கேயே தங்கிவிட்டார், அவர் பெற்ற மகள் இங்கே வந்துவிட்டார். கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அதற்கப்புறம் இந்த மலை. எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-ல் வனத்துறை மூலமாகத் தேயிலை நடத் தொடங்கியது. 1976-ல் அதுவே தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. டான்டீ என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

வந்து இறங்கியதும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. அதே தேயிலை, அதே சில்வர் ஓக் மரம், அதே குளிர். ஆனால் மழை மாறிப்போயிருந்தது. தலவாக்கலையில் மே கடைசியில் பிடிக்கும் தென்மேற்கு மழை, துணி காயாமல் மாதக்கணக்கில் பெய்யும். கோத்தகிரி நீலகிரியின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் அந்த மழை பெரும்பாலும் ஊட்டிக்கும் கூடலூருக்கும் மேலேயே கொட்டித் தீர்த்துவிடும், எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் அடை மழை. ஜூன் மாதம் முழுக்க அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எப்போது கொழுந்து ஓடும், எப்போது விறகு காயும், எப்போது பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று உடம்பு வைத்திருந்த கணக்கெல்லாம் தப்பிப்போயிற்று. புது நாட்டில் பாஷையும் பள்ளிக்கூடமும்தான் கஷ்டம் என்பார்கள். எங்களுக்கு பாஷை தமிழ்தான், வானம்தான் புரியவில்லை.

அம்மா இந்த மலையை முதல்முறையாக நின்று பார்த்தது ஒரு உறைபனிக் காலையில் என்று நினைக்கிறேன். தலவாக்கலையில் அவர் வேலை பார்த்த மலையில் அப்படி ஒரு வெள்ளையைக் கண்டதில்லை. ஜனவரி மாதம், காற்றே இல்லாமல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்த ராத்திரிக்கு அடுத்த விடியல். பள்ளத்தில் இருந்த தேயிலை முழுக்க உப்பு தூவியது போல வெளுத்திருந்தது, ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் ஊசி ஊசியாகப் பனி. சரிவில் இருந்த செடிகள் மட்டும் பச்சையாகவே இருந்தன. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால் பள்ளம்தான் அடிபடும். இதை மேஸ்திரி சொல்லும் முன்னாலேயே அம்மா கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டார். மத்தியானத்துக்குள் அந்த வெள்ளை எல்லாம் கரிந்து கருப்பாகிவிட்டது. கொழுந்து போனால் கூலி போச்சு என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள், அம்மாவும்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) ஊற்றும்போது "என்ன அழகு புள்ள, வைரம் கொட்டிக் கிடந்த மாதிரி" என்றார். கூலி போன அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வயிற்றுப்பாட்டுக்கே அல்லாடுகிறவனுக்கு அழகைப் பார்க்க நேரம் ஏது என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. சுற்றுலா வருகிறவர்கள் கோடநாடு காட்சிமுனையில் பத்து நிமிஷம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், சந்தோஷம், போகட்டும். ஆனால் முதுகில் கூடையோடு நாள் முழுக்க அந்தச் சரிவில் நிற்கிற பெண்ணுக்கு, மூடுபனி எந்தப் பக்கம் ஏறும், கருமந்தி எந்த மரத்தில் கத்தும், சிரிப்பான் குருவி எந்தப் புதரில் கூட்டம் போடும் என்று எல்லாம் தெரியும். வேலைக்கு நடுவில் பார்த்தாலும் பார்ப்பது பார்ப்பதுதான். அந்த ரெண்டு நிமிஷம்தான் பல பேரை அடுத்த நாள் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

அழகைப் பற்றிச் சொன்னேன், இனி நம்பிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். முதல் சில வருஷம் எங்கள் லைனில் யாரும் மரம் நடவில்லை. வாசலில் கீரை விதைப்பார்கள், பீன்ஸ் ஏற்றுவார்கள், கொஞ்சம் உருளைக்கிழங்கு. எல்லாம் மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வருவது. டிரங்குப் பெட்டியில் பாதிச் சாமான் வெளியே எடுக்காமலே கிடந்தது. பேச்செல்லாம் "அங்க போனா", "நிலமை சரியானா" என்றுதான் இருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மண்ணில் போட்டிருந்ததைப் பார்த்தாலே தெரியும், இந்த ஊரில் இன்னும் ஒரு வருஷம் இருப்போம் என்றுகூட அவர்கள் நம்பவில்லை.

1982-ல் குறிஞ்சி பூத்தது. பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரிலிருந்து) பால் கொண்டுவரும் படுகப் பாட்டி ஒருவர் அம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு மேல் சரிவுக்குப் போனார். புல் தெரியாத அளவுக்கு நீலம், தேனீ சத்தம் காதை அடைத்தது. பூத்து விதை போட்டதும் இந்தச் செடி முழுக்கக் காய்ந்து செத்துவிடும், கீழே விழுந்த விதையிலிருந்து மறுபடி முளைத்து, அடுத்து பூப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்று அந்தப் பாட்டி விளக்கினார். அம்மா விரல் விட்டு எண்ணி, "அப்ப தொண்ணூத்தி நாலு. அதுக்குள்ள நாம எங்க இருப்போமோ" என்றார். பாட்டி கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க போகப் போற, இங்கதான் இருப்ப, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். எங்களை இந்த ஊர்க்காரர்கள் என்று முதன்முதலில் ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டது அப்போதுதான்.

அடுத்த வருஷம் 1983 ஜூலை. கொழும்பில் தமிழர்களுக்கு எதிராகத் தொடங்கிய கொலையும் தீவைப்பும் மலைநாட்டு ஊர்களுக்கும் பரவியது. ரேடியோவைச் சுற்றி லைன் முழுக்கக் கூடி நின்றோம். அம்மாயியிடமிருந்து கடிதம் வரும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. 1984-ல் கப்பலும் நின்றுபோனது. திரும்பிப் போவது என்ற பேச்சு அதோடு அடங்கிவிட்டது, யாரும் அறிவித்து முடித்துவைக்கவில்லை, அப்படியே வாயிலிருந்து மறைந்துவிட்டது.

அந்த மழைக்காலம் முடிந்ததும் அம்மா சந்தையிலிருந்து ஒரு பட்டர் ஃப்ரூட் வாங்கிவந்தார். ஊரில் சீனி போட்டுப் பிசைந்து தின்ற பழம். தின்றுவிட்டுக் கொட்டையை வாசலுக்கு வலப்பக்கம், சரிவு தொடங்கும் இடத்தில் புதைத்தார். கொட்டையிலிருந்து வளர்ந்தால் காய்க்க ஆறு ஏழு வருஷம் பிடிக்கும் என்று அப்பா சொன்னதற்கு, "காய்க்கட்டும், நமக்கென்ன அவசரம்" என்றார். அவர் அழுது முடித்த குரலில் அதைச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை என்றால் இன்றைக்கும் அந்தக் குரல்தான். எல்லாம் நல்லபடியாக நடந்துவிடும் என்ற எண்ணம் அவரிடம் இல்லை, ஊர் கைவிட்டுப் போனது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே ஏழு வருஷம் கழித்துத் தின்ன வேண்டிய பழத்துக்கு இடம் பார்த்தார். அப்புறம் மற்ற வீடுகளிலும் கொய்யா வந்தது, பிளம்ஸ் வந்தது, வேலியில் மேரக்காய் (சௌசௌ) கொடி ஏறியது. 1994-ல் குறிஞ்சி பூத்தபோது அந்தப் படுகப் பாட்டி உயிரோடு இல்லை, அவருடைய மகள் வந்து கூட்டிப்போனார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்களுக்குச் சோறு போட்ட தேயிலை, காட்டு நிலத்தில் நடப்பட்டது. சோலைக்காடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலைக்குப் போங்கள். 116 ஹெக்டேர்தான். ஊர்க்காரர்கள் குழு அமைத்துக் காவல் காத்ததால் மிஞ்சிய காடு, 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகிவிடும். மழை நின்று வெகுநேரம் ஆனாலும் மேலே இலையிலிருந்து பாசிக்கு, பாசியிலிருந்து வேருக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்த மண்ணும் வேரும்தான், கீழே இருக்கிற ஊர்கள் அதைத்தான் குடிக்கின்றன. தேயிலைச் சரிவுக்கு அந்தக் குணம் கிடையாது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதனால் மலை அழகு என்று சொல்லும்போது எனக்குக் கூடவே ஒரு பயமும் கடன்பட்ட உணர்வும் வரும். ரெண்டையும் பிரிக்க நான் முயற்சி பண்ணுவதில்லை.

இப்போது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து எடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், காலியான லைன் வீடுகளில் இவர்கள் இருக்கிறார்கள். பாஷை தெரியாமல், இந்தக் குளிர் தாங்காமல், சந்தையில் விரலைக் காட்டி விலை கேட்கிறார்கள். கீழ் வீட்டில் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு. வாசலில் கடுகுக் கீரை போட்டிருக்கிறாள், வேறு எதுவும் இல்லை. போன ஆவணியில் எங்கள் மரத்துப் பழம் நாலைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்ததே இல்லையாம். அறுத்து சீனி போட்டுக் காட்டினேன், குழந்தைக்குப் பிடித்துவிட்டது.

கொட்டையை என்ன செய்வது என்று சைகையில் கேட்டாள். காயவிட்டால் முளைக்காது, சீக்கிரம் போட வேண்டும், அகலமான பக்கம் கீழே இருக்கணும், தண்ணீர் தேங்காத சரிவாகப் பார்க்கணும் என்று தமிழும் கையுமாகச் சொன்னேன். காட்டெருமை வந்து மிதிக்குமே என்பதை அவள் தலையில் கையால் கொம்பு வைத்துக் காட்டிக் கேட்டாள். மிதிக்கும்தான், சுற்றி மூங்கில் அடித்து வேலி போட்டால் தப்பும் என்றேன். அவள் வீட்டுக்காரர் சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்து கத்தி கேட்டு வாங்கிப் போனார்.