திருநெல்வேலிச் சொதி: ஐந்தாம் முறையில் பால் திரியவில்லை

கடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்சட்டியின் மூடியைத் திறந்து கரண்டியை விட்டுப் பார்த்தபோது, சொதி அடியிலிருந்து மேல்வரை ஒரே பதமாக, பச்சைமிளகாயின் சாயல் இலேசாக ஏறிய வெண்மையுடன், ஓர் எண்ணெய்த் துளிகூட மிதக்காமல் இருந்தது. இரண்டு மாதங்களில் நான்கு முறை செய்து, நான்கு முறையும் தேங்காய்ப்பால் திரிந்துபோன பிறகு கிடைத்த சொதி இது. சாப்பிட உட்கார்ந்த நான்கு பேரும் மறுமுறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். எங்கே தவறினேன், எதை மாற்றியதும் சரியாயிற்று என்பது நினைவில் பசுமையாக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

சொதி என்னும் இந்தத் தேங்காய்ப்பால் குழம்பு, திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீடுகளின் மறுவீட்டு விருந்துக்கு உரியது. புது மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் இடும் அந்த விருந்தில் சாம்பாரின் இடத்தில் இது வருவதால் ‘மாப்பிள்ளைச் சொதி’ என்றும் சொல்வார்கள். புளி கிடையாது, மல்லித்தூள் கிடையாது, வற்றல் மிளகாய் கிடையாது. தேங்காய், பாசிப்பருப்பு, பச்சைமிளகாய், இஞ்சி, சின்ன வெங்காயம், எலுமிச்சை, கையில் இருக்கும் நாலைந்து காய்கள் ஆகியவை எந்த வீட்டிலும் எந்த நாளும் இருப்பவையே. வறுத்து அரைத்த மசாலா ஏதும் இல்லாததால், செய்கையில் நேரும் பிழையை மறைக்கவும் எதுவும் இல்லை. பால் திரிந்தால் முதல் வாயிலேயே நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். மேலே எண்ணெயும், நடுவில் வெண்துகள்களும், கீழே சாரமற்ற நீருமாக மூன்று தனிப் பொருள்களைச் சோற்றில் பிசைவது போலாகிவிடும்.

என் அளவு இதுதான்: நடுத்தரத் தேங்காய் இரண்டு, பாசிப்பருப்பு 75 கிராம், பச்சைமிளகாய் எட்டு, விரல் நீள இஞ்சி, சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், முருங்கைக்காய் ஒன்று, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப்பட்டாணி எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பருப்பை வாசனை வரும்வரை வறுத்துக் குழைய வேகவைப்பது, ஒரே துருவலை மூன்று தடவை பிழிந்ததில் கடைசியாக வரும் மூன்றாம் பாலில் காய்களை வேகவைப்பது, இஞ்சியையும் மிளகாயையும் அரைத்து இரண்டாம் பாலில் கரைத்து ஊற்றுவது வரை எனக்கு ஒரு முறையும் சிக்கல் வந்ததில்லை. இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் எண்ணெய் குறைவு. குழைந்த பருப்பும் உருளைக்கிழங்கின் மாவும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. என்னை நான்கு முறை தோற்கடித்தது முதல் பால்தான்.

முதல் முறை, முதல் பாலை ஊற்றியபின் ஒரு கொதி வரட்டும் என்று விட்டேன்; அது எல்லோரும் அறிந்த பிழை. இரண்டாம் முறையின் பிழை எனக்குப் புதியது. முந்தைய நாளே தேங்காயைத் துருவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தேன். காலையில் அதை அப்படியே மிக்ஸியில் போட்டுக் குளிர்ந்த நீர் விட்டு ஓட்டியபோது, பாலுக்குப் பதிலாக வெண்ணெய்போல் சிறு உருண்டைகள் திரண்டு ஜாரின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டன. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது மார்கழி மாதத்தில் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தவர் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் துருவலுக்குள் இருக்கும் எண்ணெயும் அவ்வாறே உறையும், உறைந்ததை மிக்ஸியில் சுற்றினால் கடைந்ததுபோல் திரளும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இப்போது அன்றைக்கே உடைத்து அன்றைக்கே துருவுகிறேன். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரை 150 மில்லி மட்டும் விட்டு, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டி, மல்துணியில் இட்டுப் பிழிகிறேன். இரண்டு தேங்காய்க்கு முதல் பால் கால் லிட்டர் வருகிறது. தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறிப் பாலில் எண்ணெய் வாடை வந்துவிடுகிறது; ஆறு ஏழு முறை சில நொடிகள் ஓட்டினால் போதும்.

தேங்காயின் முதிர்ச்சியையும் பார்க்க வேண்டும். கொப்பரைக்குப் போக வேண்டிய அளவுக்கு முற்றிய காய் பால் நிறையத் தரும், ஆனால் அந்தப் பால் எளிதில் எண்ணெய் கக்கும். சட்னிக்கு எடுக்கும் இளசான காயில் பால் நீர்த்திருக்கும். ஆட்டினால் நீர் தளும்பும் ஓசை கேட்கிற, ஓடு நன்றாகப் பழுப்பேறிய, ஆனால் உள்ளே பருப்பு ஓட்டைவிட்டு விலகாத காயே சொதிக்கு ஏற்றது. என் தெருவில் வரும் பொள்ளாச்சிக் காய்களில் இந்தப் பதம் பத்துக்கு ஆறாவது தேறுகிறது. பழுப்புத் தோல் உரசாமல் துருவுவதற்குப் பழைய அரிவாள்மனைத் துருவியை மிஞ்சிய கருவி எதையும் நான் இன்னும் காணவில்லை. மேசையில் ஒட்டிவைத்துச் சுற்றும் துருவி வாங்கி மூன்று வாரத்தில் அதன் பிடி தளர்ந்துவிட்டது. பொட்டலத்தில் வரும் தேங்காய்ப்பாலையும் ஒரு கிண்ணம் அளவுக்குத் தனியே சோதித்தேன். பசைப்பொருள் சேர்த்திருப்பதால் அது கொதித்தாலும் எளிதில் திரியவில்லை. ஆனால் புதுப்பாலின் தித்திப்பு அதில் இல்லை, சொதியில் அந்தத் தித்திப்புத்தான் பச்சைமிளகாயின் காரத்தைத் தாங்கி நிற்க வேண்டும்.

மூன்றாம் முறை எல்லாம் சரியாக வந்தபின், அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சை பிழிந்து கெடுத்தேன்.

நான்காம் முறைதான் என்னை உண்மையில் வருத்தியது. கொதிக்க விடவில்லை, தேங்காய் புதியது, எலுமிச்சையைத் தொடவே இல்லை. ஓரங்களில் நுரை கட்டத் தொடங்கியதும், எல்லாச் செய்முறையும் சொல்வதுபோல, உடனே அடுப்பை அணைத்தேன். திரும்பி அப்பளம் பொரித்துவிட்டு வந்து பார்த்தால், அணைத்த அடுப்பின்மேல் சொதி அமைதியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே எண்ணெய் வளையம் வளையமாகப் பிரிந்து கிடந்தது. அன்று மாலை பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, நுரை கட்டியதும் அணைத்துவிட்டேனே என்று புலம்பினேன். எந்தப் பாத்திரம் என்று கேட்டார், கல்சட்டி என்றேன். “அடுப்ப அணைச்சா சட்டியும் அணைஞ்சிருமா மருமகனே?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் இரண்டு மாதத்துக் குழப்பமும் தெளிந்தது. செய்முறைகளில் காணும் ‘நுரை கட்டியதும் இறக்கு’ என்பது பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் பொருந்தும் கணக்கு. என்னுடையது சேலத்திலிருந்து வரவழைத்த மாக்கல் சட்டி. வெறும் சட்டியே மூன்றரைக் கிலோ எடை. வடிகஞ்சி ஊற்றி அதைப் பழக்கியது பற்றி இங்கே விரிக்கவில்லை, கல்சட்டி வைத்திருப்போர் அறிந்ததே. அதன் கனத்த சுவர் அடுப்பில் இருந்த நேரமெல்லாம் குடித்த வெப்பத்தை, தீ போன பிறகு நிதானமாக உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறது. புளிக்குழம்புக்கும் வற்றல் குழம்புக்கும் அதுவே அருள். சொதிக்கு அதுவே ஆபத்து.

அடுத்த நாள் வெறும் நீரை வைத்து அளந்து பார்த்தேன். சமையல் வெப்பமானி ஒன்று ரொட்டி சுடும் காலத்தில் வாங்கியது கையில் இருந்தது. ஒன்றேகால் லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து அணைத்தபோது, எவர்சில்வர் பாத்திரத்தில் குமிழிகள் சில நொடிகளில் அடங்கின. கல்சட்டியில் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் வரை அடங்கவில்லை. பத்து நிமிடங்கள் கழித்து எவர்சில்வரில் 79 டிகிரி, கல்சட்டியில் 90 டிகிரி. இந்த 80 டிகிரி எல்லைதான் முக்கியம். தேங்காய்ப்பால் என்பது நீருக்குள் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் பரவி நிற்கும் கலவை. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாதபடி தேங்காயின் புரதம் அவற்றைச் சுற்றிப் படிந்து காக்கிறது. ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேலே போகப்போக அந்தப் புரதம் உருக்குலைந்து திரள, காவலை இழந்த துளிகள் கூடி எண்ணெயாக மேலே வருகின்றன. புளிப்பும் அந்தப் புரதத்தைத் திரள வைப்பதே. அதனால் சூடும் புளிப்பும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் பால் தப்பவே வழியில்லை.

ஆகவே ஐந்தாம் முறை வரிசையை மாற்றினேன். பருப்பும் காய்களும் அரைத்த விழுதும் இரண்டாம் பாலும் சேர்ந்து கொதித்து, உப்பும் சரிபார்த்து முடிந்தபின், முதல் பாலை ஊற்றும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டேன். மூடியைத் திறந்துவைத்து, வெப்பமானி 85 காட்டும் வரை காத்திருந்தேன். ஏறத்தாழ பதினைந்து நிமிடங்கள் ஆயின. பிறகு ஒரு கரண்டி சூடான சொதியை முதல் பாலில் விட்டுக் கலக்கி, அந்தப் பாலை மெல்லிய தாரையாகச் சட்டியில் ஊற்றினேன். உடனே 75 டிகிரிக்கு இறங்கியது. அதன்பின் நான் எதிர்பார்த்ததே நடந்தது: தீயே இல்லாமல், கல்லின் சூட்டால் மட்டும், 78 வரை மெல்ல ஏறி அங்கே நின்று, பின்பு இறங்கத் தொடங்கியது. பாலின் பச்சை வாடை போய் மணம் எழ அந்தச் சூடு போதுமாக இருந்தது. நான்காம் முறை என்னைக் கவிழ்த்த கல், அன்று பாலைப் பக்குவமாகக் காய்ச்சிக் கொடுத்தது. வெப்பமானி இல்லாதவர்கள், குமிழிகள் முழுவதும் அடங்கி, ஆவி மட்டும் எழுந்துகொண்டிருக்கும் நிலையில் இன்னும் பத்து நிமிடம் பொறுத்தால் ஏறத்தாழ இதே நிலைக்கு வரலாம். சட்டியின் கனத்துக்கேற்ப அது மாறும்.

எலுமிச்சைச் சாற்றை 65 டிகிரிக்குக் கீழே வந்தபிறகு விட்டேன். ஒன்றரைப் பழம் பிடித்தது. பழம் புளியங்குடியிலிருந்து வந்தது. எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்ற அந்த ஊர், 2019-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அங்கே சென்றுவிட்டது. ஆனால் சொதியைப் பொறுத்தவரை அதை நான் நெல்லைக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். மெல்லிய தோலும் நிறைந்த சாறும் கொண்ட பழம் அது. இங்கே பெரிய கடைகளில் பளபளப்பாகக் கிடைக்கும் தடித்த தோல் பழத்தில் மணம் பாதியும் இல்லை.

தாளிப்பைத் தேங்காயெண்ணெயில் செய்து, கடுகு, கறிவேப்பிலை, இரண்டாகக் கீறிய சின்ன வெங்காயம் நான்கு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். சீரகம் சேர்ப்போரும் உண்டு. எனக்கு அது இஞ்சியின் மணத்தை அமுக்குவதாகத் தோன்றுகிறது. துணைக்கு வழக்கப்படி இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதால்தான் இஞ்சித் துவையலைச் சொதியோடு கட்டாயமாக வைக்கிறார்கள் என்று அத்தை சொல்வார். சுவைக்காகவே வைத்தாலும் குறையில்லை, அந்தத் துவையலின் புளிப்பும் கருப்பட்டித் தித்திப்பும் இல்லாமல் சொதி பாதிதான். சோற்றுக்கு அம்பை 16 வாங்கியிருந்தேன். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட, குட்டையான பருத்த மணி கொண்ட இரகம் அது. சென்னையில் இட்லி அரிசி என்றே விற்கிறார்கள். குழைந்தும் குழையாமலும் வடித்த அந்தச் சோறு, மெல்லிய பொன்னியைக் காட்டிலும் சொதியை நன்றாக இழுத்துக்கொண்டது.

ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. மிஞ்சிய சொதியை இரவு சிறு தீயில் வைத்துச் சூடாக்கினேன். எலுமிச்சை ஏற்கெனவே சேர்ந்திருந்ததால் 70 டிகிரியை எட்டும்போதே துகள் கட்டத் தொடங்கிவிட்டது. அடுத்த முறை இரவுக்கு வேண்டியதை எலுமிச்சை சேர்க்கும் முன்பே தனியே எடுத்துவைத்து, கிண்ணத்தோடு சுடுநீரில் இறக்கிச் சூடாக்கிப் பார்க்கப் போகிறேன்.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்துச் சொதிக்கும் தேங்காய் ஒதுக்கியாயிற்று. பெயர் ஒன்றாயினும் அது வேறு வகை: இடியப்பத்துக்கு அன்றாடம் செய்வது, மஞ்சளும் வெந்தயமும் சேர்வது, பருப்போ மாவுள்ள காயோ பெரும்பாலும் சேராதது. பாலைப் பிடித்து நிறுத்தும் பருப்பு இல்லாத அந்த மெல்லிய சொதியில் முதல் பால் எந்தச் சூட்டில் திரிகிறது என்று அளக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் தை மாதத்தில் அத்தை வருகிறார், அவரோடு பன்னிரண்டு பேர் வருகிறார்கள், என் கல்சட்டியோ இரண்டு லிட்டர்தான் கொள்ளும். சேலத்துக் கடையில் ஐந்து லிட்டர்ச் சட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்; அதன் சுவர் இன்னும் தடிமன் என்பதால் 85 டிகிரிக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதை, அது வந்த அன்றே வெறும் நீரை ஊற்றி அளந்துவிடுவேன்.