ஹூக்ளியில் 12 சென்டிமீட்டர்

போன ஆகஸ்டில், ஹூக்ளி ஆற்று முகத்துக்கு வெளியே கப்பல்கள் பைலட்டுக்குக் காத்திருக்கும் சாண்ட்ஹெட்ஸில் மூன்று நாள் சும்மா கிடந்தோம். காரணம் புயல் இல்லை, எஞ்சின் பழுது இல்லை. துறைமுக ஏஜென்ட் அனுப்பிய மெயிலில் இருந்த ஒரே ஒரு எண். அதை நம்பியது நான்.

கப்பல் 57,000 டன் பல்க் கேரியர், நான் சீஃப் ஆபீசர், சரக்குக் கணக்கு என் பொறுப்பு. கிளாட்ஸ்டோனில் கோக்கிங் நிலக்கரி ஏற்றினோம், விசாகப்பட்டினத்தில் ஒரு பகுதியை இறக்கினோம். மிச்சம் ஹூக்ளிக்குள் இருக்கும் ஹால்டியா துறைமுகத்துக்கு. இதுவரை சொல்ல ஒன்றும் இல்லை.

ஹூக்ளிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆற்றில் மணல் திட்டுகள் அதிகம், ஓதத்தைப் பார்த்து அன்றன்றைக்குக் கப்பல் எவ்வளவு டிராஃப்டில், அதாவது தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமுங்கி, வரலாம் என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். நாங்கள் போகும் நாளுக்கு 8.20 மீட்டர், ஈவன் கீல், அதாவது முன்னும் பின்னும் ஒரே அளவு. ஆகவே விசாகப்பட்டினத்தில் எவ்வளவு நிலக்கரியை வைத்துக்கொள்வது என்பதைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். உப்புக் குறைந்த தண்ணீரில் கப்பல் இன்னும் கொஞ்சம் அமுங்கும். ஆற்றில் 8.20 என்றால் கடலில் எவ்வளவு? அதற்கு ஆற்றுத் தண்ணீரின் அடர்த்தி தெரிய வேண்டும். ஏஜென்ட்டைக் கேட்டேன். 1.015 என்று பதில் வந்தது.

அந்த டிராஃப்டில் எங்கள் எடை சுமார் 42,000 டன், டி.பி.சி. (ஒரு செ.மீ. அமுக்கத் தேவையான எடை) 54 டன். எடையை டி.பி.சி.யின் நாலு மடங்கால் வகுத்தால் ஃப்ரெஷ் வாட்டர் அலவன்ஸ், அதாவது கடலிலிருந்து நல்ல தண்ணீருக்கு வந்தால் கூடுதலாக அமுங்குவது, 194 மி.மீ., 19.4 செ.மீ. கடல்தண்ணீரின் 1.025-இலிருந்து 1.015-க்கு என்றால் அதில் இருபத்தைந்துக்குப் பத்து பங்கு, 7.8 செ.மீ. ஆக, கடலில் 8.12-இல் புறப்பட்டால் ஆற்றில் 8.20. இதை லோடிங் கம்ப்யூட்டரிலும் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

கேப்டன் தூத்துக்குடிக்காரர். அதிகம் பேசமாட்டார். சாண்ட்ஹெட்ஸ் நெருங்கும்போது என் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “சீஃப், இந்த 1.015 அளந்ததா, கேட்டதா?”

“ஏஜென்ட் சொன்னது சார்.”

“மெயிலைக் காட்டு.”

மெயிலைத் திறந்தபோதுதான் கவனித்தேன். கீழே இருந்த பட்டியலின் தலைப்பில் வேறொரு கப்பலின் பெயர், ஏப்ரல் மாதத் தேதி. யாருக்கோ அனுப்பியதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், பெயரைக்கூட மாற்றவில்லை. ஏப்ரலில் மழை குறைவு, ஆறு மெலிந்திருக்கும், கடல் உள்ளே ஏறும், தண்ணீர் உப்பாக இருக்கும். ஆகஸ்டில் வங்காளத்தில் கொட்டும் மழை இந்த வழியாகவும் கடலுக்கு வருகிறது. இது பள்ளிக்கூடப் பாடம். பலமுறை ஓரல்ஸில், அதாவது வாய்மொழித் தேர்வில், பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் மெயிலில் எண் வந்ததும் மூளை லீவு போட்டுவிட்டது.

நங்கூரம் போட்டதும், பயிற்சியில் இருக்கும் கேடட்டைக் கடல்தண்ணீர் அள்ளி அடர்த்தி பார்க்க வாளியோடு அனுப்பினேன். 1.006 என்றான். அந்த இடத்தில் அவ்வளவு குறைவாக இருக்க வாய்ப்பில்லையே என்று போய்ப் பார்த்தால், வாளியில் ஏற்கெனவே மழைத்தண்ணீர் நின்றிருக்கிறது, அதன் மேலேயே கடல்தண்ணீரை அள்ளியிருக்கிறான். பையனைக் குறை சொல்ல முடியாது, நான் மட்டும் என்ன செய்தேன்? மறுபடி எடுத்தோம். கயிற்றில் கட்டிய சாம்பிள் டின்னை முதலில் அதே தண்ணீரில் இரண்டு தரம் அலசினோம். மேல்மட்டத்தில் அள்ளாமல், டிராஃப்டில் பாதி ஆழத்துக்கு இறக்கித் திறந்தோம். ஆற்று முகத்தில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். மேலே மட்டும் எடுத்தால் பொய் சொல்லும், அடியில் மட்டும் எடுத்தாலும் பொய் சொல்லும். அடர்த்தி அளக்கும் மிதவைக் குழாயான ஹைட்ரோமீட்டரின் தண்டில் விரல் எண்ணெய் பட்டிருந்தால் தண்ணீர் அதன்மேல் ஒழுங்காக ஒட்டாது, அளவு மாறும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மெல்லச் சுழற்றிவிட்டு, குமிழி எல்லாம் போனபிறகு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் படித்தேன். கண்ணாடியோரம் ஏறி நிற்கும் விளிம்பைப் படிக்கக்கூடாது, நடுவில் இருக்கும் மட்டத்தைப் படிக்க வேண்டும். 1.013.

சாண்ட்ஹெட்ஸ் இன்னும் திறந்த கடல். அங்கேயே 1.013 என்றால் ஆற்றுக்குள் 1.015 எப்படி இருக்கும்?

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். “எங்க ரெக்கார்டுல 1.015 தான் சார்.” அவ்வளவுதான். யார் அளந்தது, எப்போது, எங்கே, ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்புறம் வி.எச்.எஃப். ரேடியோவில் ஹால்டியாவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த ஒரு கப்பலைக் கூப்பிட்டேன். அதன் சீஃப் ஆபீசர் யாரென்றே தெரியாது, ஆனால் அரை நிமிடத்தில் சொன்னார்: நேற்று டிராஃப்ட் சர்வேயில் (அமுங்கிய ஆழத்தை வைத்துச் சரக்கின் எடையைக் கணக்கிடுவது) 1.003. அந்த மனிதருக்கு இன்றைக்கும் நன்றி.

1.003 வைத்துக் கணக்குப் போட்டேன். 19.4-இல் இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு பங்கு, 17 செ.மீ. 8.12 என்பது 8.29 ஆகிறது. 9 செ.மீ. அதிகம். இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கேப்டன் அடுத்த கேள்வி கேட்டார்: “டிரிம்?” முன் டிராஃப்டுக்கும் பின் டிராஃப்டுக்கும் உள்ள வித்தியாசம் அது.

கப்பல் நல்ல தண்ணீருக்குள் போனால் சும்மா நேராக அமுங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் தாளை மூடினேன். கூடுதலாக அமுங்கும் அந்த அடுக்கின் மிதப்பு எல்.சி.எஃப்., அதாவது நீர்மட்டப் பரப்பின் மையம், இருக்கும் இடத்தில் வந்து சேர்கிறது. எங்கள் கப்பலில் அந்த டிராஃப்டில் அது மொத்த மிதப்பின் மையமான எல்.சி.பி.க்குச் சுமார் 3.5 மீட்டர் பின்னால். பின்பக்கம் தாங்கல் கூடினால் பின்பக்கம் தூக்கும், மூக்கு இறங்கும். அடுக்கின் அளவு சுமார் 920 டன், அதை 3.5-ஆல் பெருக்கி, எம்.சி.டி.சி. (டிரிம்மை ஒரு செ.மீ. மாற்றத் தேவையான திருப்புவிசை) 680-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 5 செ.மீ. டிரிம், அதுவும் தலைப்பக்கம். முன் டிராஃப்ட் 8.32. அனுமதித்ததைவிட 12 செ.மீ. அதிகம். கடலில் ஈவன் கீல் என்று நான் பெருமையாக எழுதிய கப்பல் ஆற்றுக்குள் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு போகும், திட்டின்மேல் முதலில் உட்காருவதும் அந்த மூக்குதான்.

டிராஃப்ட் மார்க்கைப் பார்த்துச் சரி செய்யலாம் என்றால் பருவமழைக் காலத்து அலை. தண்ணீர் மார்க்கில் அரை மீட்டருக்கு மேலும் கீழும் ஆடுகிறது. ஹைட்ரோமீட்டரைத் தவிர நம்ப ஒன்றும் இல்லை.

எதை வெளியே தள்ளுவது? 9 செ.மீ. என்றால் 475 டன். நிலக்கரியைக் கடலில் கொட்ட முடியாது. கப்பலின் சமநிலைக்காகத் தண்ணீர் நிரப்பும் பலாஸ்ட் டேங்குகள் காலி, பம்ப் உறிஞ்ச முடியாத அடித்தண்ணீர் மட்டும்தான். நல்லவேளை, டிரிம்முக்காக மூக்கிலுள்ள ஃபோர்பீக் டேங்கில் 250 டன் தண்ணீர் வைத்திருந்தேன். அதை மொத்தமாக இறைத்தால் பின்பக்கம் 30 செ.மீ.க்கு மேல் சாய்ந்துவிடும். ஆகவே இரண்டு பக்கமும் சமமாகக் குறைக்க வேண்டும்: முன்னால் ஃபோர்பீக்கில் 160 டன், பின்னால் நல்ல தண்ணீர் டேங்கில் 120 டன். முன்னால் கூடுதலாகப் போகும் 40 டன் அந்த 5 செ.மீ. டிரிம்மை நேராக்கும். மீதி டிராஃப்டைக் குறைக்கும்.

120 டன் நல்ல தண்ணீரை வெளியேற்றப்போகிறேன் என்றதும் சீஃப் குக் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அந்தச் சேற்றுத் தண்ணீரில் கடல்தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் ஃப்ரெஷ் வாட்டர் ஜெனரேட்டரை ஓட்ட முடியாது, கரையில் தண்ணீர் வாங்கும்வரை இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். சலவை அறையைப் பூட்டினோம். மூன்று நாள் என் மேஜையில் மட்டும் சாம்பார் கொஞ்சம் உப்பாக வந்தது தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் செய்து 8.24. இன்னும் 4 செ.மீ. அதற்கு வழி ஓதம் ஏறுவதுதான். மூன்றாம் நாள் அறிவிப்பில் 8.30 இருந்தது. காத்திருந்தோம். பைலட் வந்தார், போனோம், திட்டுகளைத் தாண்டினோம், கட்டினோம். அந்த மூன்று நாளுக்கு யார் பணம் கொடுப்பது என்ற மெயில் சண்டையில் ஏஜென்ட் எழுதிய வாக்கியம்: அடர்த்தி தோராயமாகத் தெரிவிக்கப்பட்டது. தோராயம் என்ற சொல் முதல் மெயிலில் எங்கேயும் இல்லை.

நடுவில் செகண்ட் மேட் பயந்துபோய்க் கேட்டார், நல்ல தண்ணீரில் ஜி.எம்., அதாவது சாய்ந்த கப்பல் நிமிரும் திறனின் அளவு, குறைந்துவிடுமே என்று. அதைத் தீர்மானிக்கும் அளவுகளில் பி.எம். கொஞ்சம் குறையும், கே.பி. கொஞ்சம் ஏறும், டேபிளில் பார்த்தால் இரண்டும் சேர்ந்த கே.எம். மாறியதே தெரியாது. நிலக்கரி பாதி ஏற்றிய எங்கள் கப்பலுக்கு ஜி.எம். 5 மீட்டரை ஒட்டி இருந்தது. அவர் பயப்பட வேண்டியது வேறு விஷயம்: நான் பாதி இறைத்த டேங்குகள். முழுசாக இருந்தவரை சும்மா இருந்த தண்ணீர், பாதியானதும் ஆட ஆரம்பித்து ஜி.எம்.மைக் குறைக்கும். அந்த ஃப்ரீ சர்ஃபேஸைக் கணக்கில் சேர்த்தாரா என்று கேட்டேன். சேர்க்கவில்லை. ஜி.எம். நிறைய இருந்ததால் அன்றைக்குப் பாதிப்பில்லை, மேல்தட்டில் மரம் ஏற்றிய கப்பலில் இதே அலட்சியம் கப்பலைச் சாய்த்துவிடும்.

ஹால்டியாவில் ஒரு சின்ன வெற்றி. சரக்கு இறக்கி முடித்துக் கடைசி டிராஃப்ட் சர்வே. டாக் தண்ணீரிலேயே 12,000 கன மீட்டர் பலாஸ்ட் எடுத்திருந்தோம். சர்வேயர் கணக்கை முடித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். எங்கள் கான்ஸ்டன்ட், அதாவது எந்தக் கணக்கிலும் பிடிபடாத சில்லறை எடை, வழக்கமாக 250 டன். அவருக்கு மைனஸ் 14 வந்திருக்கிறது. ஒரு கப்பலுக்குள் எந்தப் பொருளும் மைனஸ் எடையில் இருக்க முடியாது. மறுபடி டிராஃப்ட் படிக்கலாம் என்றார், மறுபடி சவுண்டிங் எடுக்கலாம், டேங்குகளில் தண்ணீர் ஆழம் அளக்கலாம் என்றார். நான் அவருடைய தாளில் பலாஸ்ட் வரியைக் காட்டினேன். அடர்த்திக் கட்டத்தில் 1.025. டேங்க் டேபிளில் அச்சடித்த எண்ணை அப்படியே போட்டிருந்தார். உள்ளே இருப்பது 1.003. 12,000-த்தை 0.022-ஆல் பெருக்கினால் 264 டன். இல்லாத தண்ணீரைக் கழித்திருக்கிறார். திருத்தியதும் 250 டன் சரியாக வந்து நின்றது. ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார், டீயை மட்டும் முழுசாகக் குடித்துவிட்டுப் போனார்.

நீங்கள் சர்வேக்கு நிற்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று: லோடு லைனுக்கான (கப்பல் அதிகபட்சம் எதுவரை அமுங்கலாம் என்ற கோடு) ஹைட்ரோமீட்டர் வேறு, டிராஃப்ட் சர்வேக்கான ஹைட்ரோமீட்டர் வேறு. இரண்டும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குழாய்தான், ஆனால் அளவீடு கொஞ்சம் மாறும். 42,000 டன் எடையில் 0.001 மாறினாலே 41 டன். சர்வேயர் பையிலிருந்து எடுப்பதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் தண்ணீரில் விட வேண்டும்.

இந்த மார்ச்சில் என் பேட்ச்மேட் ஒருவன் அதே பக்கம் போகிறேன் என்று போன் செய்தான். ஏஜென்ட் அடர்த்தி அனுப்பிவிட்டாராம், 1.003. மார்ச்சிலா என்று கேட்டு, மெயிலை அனுப்பச் சொன்னேன். பட்டியலின் தலைப்பில் என் கப்பலின் பெயர்.