மான்செஸ்டரில் 16 அறைகள்

திருநெல்வேலியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் இங்கிலாந்தில் மருத்துவம் பார்க்க வேண்டுமானால், அவருடைய பட்டம் உண்மையானதுதான் என்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருக்கும் ஓர் அமைப்பு உறுதி செய்ய வேண்டும். சிரிக்காதீர்கள், நடைமுறை அதுதான். அப்புறம் ஆங்கிலத் தேர்வு: ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தத்தில் 7.5, எந்தப் பிரிவிலும் 7க்குக் குறையக் கூடாது. அடுத்து, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு. அதன் முதல் பகுதியைச் சென்னையிலேயே எழுதிவிடலாம். மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். கேள்வி வங்கியோடு மல்லுக்கட்டியே வளர்ந்த நமக்கு அது பெரிய மலை அல்ல.

இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் மட்டுமே. 16 அறைகள், அறைக்கு எட்டு நிமிடம், பெரும்பாலும் நோயாளியாக உட்கார்ந்திருப்பவர் ஒரு நடிகர். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே அதிகம், "என்னம்மா செய்யுது?" என்று வாய் கேட்கும்போதே கை மருந்துச்சீட்டை எழுதிக்கொண்டிருக்கும். இங்கேயோ, இது என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள், என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று மூன்றையும் கேட்டாக வேண்டும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தும் இதைக் கேட்காததால் மதிப்பெண் இழந்தவர்கள் உண்டு. வெறும் நாடகம் என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஊரில் புற்றுநோய் என்றால் மகனைத் தனியே அழைத்துச் சொல்வோம், படுக்கையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இங்கே முதலில் நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும். அவர் சம்மதிக்காமல் மகனிடம் வாய் திறக்கக் கூடாது. அந்த ஒன்றுக்காகவே இந்தத் தேர்வை நான் மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு வருவதை மதிக்க முடியவில்லை. மருத்துவராகப் பதிவு கிடைத்தால் வேலையும் கிடைத்துவிட்டதாக வீட்டில் நினைக்கிறார்கள். விளம்பரம் வந்த சில மணி நேரத்திலேயே விண்ணப்பங்கள் குவிந்து, வாசலை மூடிவிடுகிறார்கள். இந்நாட்டு அனுபவம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்காக, சம்பளமில்லாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் கிளினிக்கல் அட்டாச்மென்ட். சில மருத்துவமனைகள் அதற்கும் நம்மிடமே கட்டணம் கேட்கின்றன. தேர்வெழுத வாங்கிய பார்வையாளர் விசாவில் கடையில்கூட வேலை செய்ய முடியாது. லண்டனின் ஈஸ்ட் ஹாமில் பகிர்ந்த அறைக்கும் வாடகை உண்டு, அது பவுண்டில்.

இளையவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஊர் வேலையை விட்டுவிடாதீர்கள். தேர்வு முடிந்ததும் திரும்பிப் போய் அங்கிருந்தே விண்ணப்பியுங்கள். நேர்காணல் பெரும்பாலும் காணொளியில்தான் நடக்கிறது.