ரெண்டு வயரை முறுக்கிவிட்டால் பிரேக் ஆகிடுமா?

சென்னை வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் ஃபிலிம், லேபிள் ஸ்லிட்டிங் (அகலமான ரோலை நீளவாக்கில் வெட்டிச் சின்ன ரோல்களாகச் சுற்றுவது) ஓட்டுகிற சின்னப் பட்டறைகளில் இதை அங்கங்கே பார்க்கிறேன். அன்வைண்டில், அதாவது ரோல் பிரிந்து வருகிற பக்கத்தில், ரோல் தறிகெட்டுச் சுற்றாமல் இருக்க முன்பெல்லாம் டிரம்முக்கு மேல் ஒரு லெதர் பெல்ட், ஒரு ஸ்பிரிங், இறுக்க ஒரு பட்டர்ஃப்ளை நட், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் அந்த லெதர் ஒரு மாதிரி பிடிக்கும், கத்திரி வெயிலில் வேறு மாதிரி பிடிக்கும், ஆபரேட்டர் நாள் முழுக்க நட்டைத் திருகிக்கொண்டே இருப்பார். இப்போது அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, காயலான் கடையில் கிடைத்த டி.சி. மோட்டார் ஒன்றை ஷாஃப்ட்டில் கோர்த்து, அதன் ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். சப்ளையே கிடையாது. “இன்னாணா, பிளக்கே இல்ல, இது எப்டி புடிக்கும்?” என்று எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்.

கையில் கொடுத்துவிட்டால் புரிந்துவிடும். உள்ளே நிரந்தர காந்தம் இருக்கிற மோட்டாராக ஒன்றை எடுத்து, வயர்கள் தனித்தனியாக இருக்கும்போது ஷாஃப்ட்டைச் சுற்றினால் லேசாகச் சுற்றும். ரெண்டையும் தொடவைத்துச் சுற்றினால் பாகுக்குள் கரண்டியைச் சுற்றுகிற மாதிரி இழுக்கும். சுற்றுகிற மோட்டார் ஜெனரேட்டராகி வோல்ட் தருகிறது, ஷார்ட் ஆனதால் கரண்ட் ஓடுகிறது, அந்தக் கரண்ட் தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கிறது. 1834-இல் லென்ஸ் சொன்ன விதிதான். ஆனால் இன்னும் ஒன்று பண்ணிப் பாருங்கள்: அதே ஷாஃப்ட்டை மிக மெதுவாக, ஒரு விரலால் நகர்த்துங்கள். இழுப்பே தெரியாது. எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது, வேகம் பூஜ்யம் என்றால் பிடியும் பூஜ்யம். வண்ணாரப்பேட்டை மெட்ரோவிலும் ஓடுகிற ரயிலை மோட்டாரே ஜெனரேட்டராகி மெதுவாக்கும், நின்ற ரயிலை நகராமல் பிடித்து வைக்க மட்டும் மெக்கானிக்கல் பிரேக்தான் வேண்டும்.

எந்த மோட்டார் வேண்டுமானாலும் சரி என்று நினைத்துவிட வேண்டாம். மிக்சி மோட்டாரில் காந்தம் கிடையாது, ஃபீல்டு காயில்தான், ஷார்ட் பண்ணினாலும் பேருக்குத்தான் இழுக்கும். இண்டக்‌ஷன் மோட்டாரும் அப்படியே, அதற்கு வெளியிலிருந்து டி.சி. கொடுத்தால்தான் பிடிக்கும். கார் வைப்பர் மோட்டார் மலிவாகக் கிடைக்கிறது என்று மாட்டுவார்கள், அதில் வார்ம் கியர், வெளியிலிருந்து சுற்றவே சுற்றாது, ஃபிலிம்தான் அறும். டிரெட்மில்லில் வரும் மோட்டார் இந்த வேலைக்கு அருமை.

சரி, ஸ்லிட்டிங் ரோலுக்கு இது போதுமா? போதாது, இன்னும் சொல்லப்போனால் லெதரை விட மோசம். ரோல் 320 மில்லிமீட்டர் விட்டத்தில் ஆரம்பித்து 80-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். லெதர் பெல்ட்டின் முறுக்கு (டார்க், சுழற்சியை எதிர்க்கிற திருப்பு விசை) கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆரம் கால் பங்காகக் குறைவதால் கடைசியில் டென்ஷன், அதாவது ஃபிலிமில் விழும் இழுப்பு, 4 மடங்காகும். ஷார்ட் பண்ணின மோட்டாரில், ஃபிலிம் ஒரே வேகத்தில் ஓடுவதால் ரோல் சிறுக்கச் சிறுக்க அதன் சுற்று வேகமும் 4 மடங்கு ஏறும், முறுக்கும் கூடவே ஏறும். ரெண்டையும் சேர்த்தால் 16 மடங்கு! கோர் (ரோலின் நடுக்குழாய்) பக்கம் வரும்போது ஃபிலிம் இழுபட்டு மெலிந்து ரிஜெக்ட் ஆகிறதே என்று தலையைச் சொறிகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மெஷினை நிறுத்தினால் டென்ஷன் போய் ஃபிலிம் தொங்கும், திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு வெட்டு வெட்டும்.

இதற்கு வழி, மோட்டாரைப் பின்பக்கமாக இழுக்கிற திசையில் கரண்ட் கொடுத்து, அந்தக் கரண்டைக் கட்டுப்பாட்டில் வைப்பது. முறுக்கு கரண்டைத்தான் பின்பற்றும், வேகத்தை அல்ல, அதனால் நின்றாலும் டென்ஷன் நிற்கும். டேன்சர் ரோலர் (ஃபிலிமின் இழுப்புக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடுகிற உருளை) கையில் ஒரு பாட் (திருப்பினால் ரெசிஸ்டன்ஸ் மாறுகிற பொட்டென்ஷியோமீட்டர்) வைத்து அதன்படி கரண்டைக் கூட்டிக் குறைத்தால் ரோல் முழுக்க ஒரே இழுப்பு கிடைக்கும். பெரிய மெஷின்களில் சர்வோ வைத்துச் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

சூட்டை மறக்கவே கூடாது. டென்ஷன் 30 நியூட்டன், ஓட்டம் நிமிடத்துக்கு 120 மீட்டர் என்றால் நொடிக்கு 2 மீட்டர், ஆக 60 வாட். வெறும் ஷார்ட் என்றால் அந்த 60-இல் பெரும்பகுதி ஆர்மேச்சருக்குள்ளேயே (மோட்டாருக்குள் சுழலும் காயில்) வேகும், அதுவும் காற்றே புகாத மூடின மோட்டாரில். ஆர்மேச்சர் 1 ஓம் என்றால் வெளியே 3 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், முக்கால்வாசிச் சூடு வெளியே வந்துவிடும். பிடி கால் பங்காகக் குறையுமே என்றால், பெல்ட்டில் 1-க்கு 2 புல்லி வைத்து மோட்டாரை ரெண்டு மடங்கு வேகத்தில் சுற்ற விடுங்கள், போன பிடி அப்படியே திரும்பி வரும், ஏனென்றால் கியர் விகிதத்தின் வர்க்கமாகத்தான் எதிர்ப்பு ஏறும்.

என்னைக் கேட்டால் ஷார்ட் பண்ணின மோட்டாருக்குச் சரியான இடம் டேன்சர் கைதான். ஸ்பிரிங்கில் துள்ளிக்கொண்டே இருக்கிற கை, இதை ஒரு பெல்ட்டில் கோர்த்ததும் அடங்கிவிடும். ஆயில் டேம்பர் மாதிரி கசியாது, மெதுவாக நகரும்போது குறுக்கே நிற்காது. கவர் மூடி படாரென்று விழாமல் இருக்கவும் போடலாம். சரக்கு தூக்கும் ஹாய்ஸ்ட்டுக்கு மட்டும் இதை நம்பவே வேண்டாம், அங்கே கரண்ட் போனால் ஸ்பிரிங் வந்து பிடிக்கிற பிரேக்தான் வேண்டும்.

எண்ணூர், காசிமேடு பக்கம் உப்புக் காற்றில் முறுக்கி டேப் சுற்றின வயர் சீக்கிரம் பச்சை பூத்துவிடும், அதனால் வயர் நுனியில் உலோக லக்கை நசுக்கிப் பிடிக்கவைத்து (கிரிம்ப் பண்ணி) மாட்டுங்கள். ஷிப்ட் ஆரம்பத்தில் ரோலைக் கையால் ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். லேசாக ஓடினால் ஒன்று வயர் விட்டிருக்கும், இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.