பொங்கலுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தப்புறம் வாடகை வீடு

ஜனவரி 19, 2025, ஞாயிறு

விடியக்காலை நாலரைக்கு கிளாம்பாக்கத்துல பஸ் இறக்கிவிட்டுச்சு. கும்பகோணத்துல ஏறும்போதே கூட்டம்னா கூட்டம், பதினேழாம் தேதியும் லீவு விட்டதால ஆறு நாள் லீவு முடிச்சு மொத்த டெல்டாவும் ஒரே ராத்திரியில கெளம்பி வந்த மாதிரி இருந்துச்சு. அங்கேருந்து ஆட்டோ புடிச்சு மேற்கு மாம்பலம் வந்து கதவைத் தொறந்தா, குப்புனு ஒரு வாடை.

எலி செத்துப்போச்சுன்னு இவர் சொன்னார். எலி இல்ல. பொங்கல் அன்னைக்கு மொட்டைமாடியில பானை வச்சுப் பொங்கி, சாமி கும்பிட்டு, எல்லாருக்கும் குடுத்து, மறுநாள் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அடிச்சு புடிச்சு கெளம்பினதுல அடிப் பொங்கலோட பானையை அடுப்பு மேடையிலயே மூடி வச்சுட்டுப் போயிட்டோம். நாலு நாள். மூடியைத் தொறந்தா உள்ள பச்சையும் வெள்ளையுமா பஞ்சு மாதிரி பூஞ்சை, நடுவுல ஒரு முந்திரி மட்டும் தலையை நீட்டிக்கிட்டு இருக்கு. பானை பித்தளை, அத்தையோடது, ஈயம் பூசி வருஷக்கணக்காச்சு. ஓரத்துல எல்லாம் களிம்பு ஏறி மயில்துத்தம் கலர்ல இருக்கு. அத்தைக்கு இது தெரியக்கூடாது, இங்க எழுதினா அவங்க படிக்க மாட்டாங்கங்கிற தைரியம்தான்.

பானை கழுத்துல கட்டின மஞ்சக்கொத்து மட்டும் வாடாம அப்படியே இருந்துச்சு, அதை எடுத்து தொட்டியில ஊனி வச்சேன். ஃப்ரிட்ஜ் பொழைச்சுது. பாத்திரத்தை ஊற வச்சுட்டு படுத்துட்டோம்.

ஜனவரி 20, திங்கள்

ஸ்கூல் தொறந்தாச்சு. பையனோட சாக்ஸ் ஒரு கால் கும்பகோணத்துலயே நின்னுடுச்சு.

வீட்டு வேலைக்கு வர்ற அக்கா திண்டிவனம் பக்கம் அவங்க ஊருக்குப் போனவங்க புதன்கிழமைதான் வருவாங்களாம், அவங்களுக்கும் பொங்கல்தானே, ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆபீஸ் போயிட்டு வந்து பால்கனியைப் பாத்தேன். பசங்க எல்லாம் உக்காந்து கரும்பு கடிச்ச இடம், சக்கை முழுக்க தண்ணி போற ஓட்டையில அடைச்சு, அதுல எறும்பு ரயில் விட்டுக்கிட்டு இருக்கு. கையை விட்டு நோண்டி எடுத்தேன், ஒரு பக்கெட் வந்துச்சு. காலையில குப்பை பேட்டரி வண்டிக்காரர் கரும்புத் தோகையை அப்படியே வாங்க மாட்டேன்னுட்டார், வெட்டிக் குடுங்கன்னார். மக்குற குப்பைதானே அண்ணேன்னா, "மக்கும்மா, ஆனா வண்டியில நிக்காதே"ன்னார். நியாயம்தான். ராத்திரி அருவாமனையில உக்காந்து ஆறடித் தோகையை முழம் முழமா வெட்டினேன்.

ஹால் சுவத்துல தோரணம் ஒட்டின டபுள் சைடு டேப்பை இவர் சர்ருனு இழுத்தார், கூடவே கையகலத்துக்கு பெயின்டும் வந்துடுச்சு. ஆணி அடிக்கக்கூடாதுன்னு ஓனரம்மா சொன்னதுக்காகத்தான் டேப்பே ஒட்டினது. ஹேர் டிரையரால சூடு காட்டி மெதுவா உரிச்சா பெயின்ட் வராதுன்னு மீதி மூணு டேப்புல கத்துக்கிட்டோம்.

ஜனவரி 22, புதன்

அக்கா இன்னைக்கும் வரல. பாத்ரூமை நாமளே பண்ணிடலாம்னு எறங்கினோம். போர் தண்ணி, உப்பு, டைல்ஸ்ல வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கு. நான் ஆசிட் ஊத்தி தேச்சிட்டு வெளிய ப்ரஷ் எடுக்கப் போனேன், அந்த நேரத்துல இவர் நல்லது பண்றேன்னு மேலயே பிளீச்சிங் பவுடரைத் தூவிட்டார். அவ்வளவுதான், கண்ணு மூக்கு தொண்டை எல்லாம் எரிச்சல், ரெண்டு பேரும் இருமிக்கிட்டே மாடிப்படிக்கு ஓடினோம். அது ரெண்டும் சேந்தா குளோரின் கேஸ் வரும்னு பத்தாவது படிச்ச எல்லாருக்கும் தெரியும், பாத்ரூமுக்குள்ள இருக்கும்போதுதான் ஞாபகம் வராது. ஜன்னல் கதவெல்லாம் தொறந்து போட்டு ஒரு மணி நேரம் உள்ள போகல. தயவுசெஞ்சு யாரும் இதைப் பண்ணாதீங்க, ஏதாவது ஒண்ணு மட்டும் போட்டு நல்லா தண்ணி ஊத்திக் கழுவுங்க.

இந்த ஆசிட்டை ஹால் மொசைக்ல ஒரு சொட்டு கூட விடக்கூடாது. போன வீட்டுல விட்டோம், நுரைச்சு வந்து மினுமினுப்பு போய் வெள்ளைத் திட்டாயிடுச்சு. காலி பண்ணும்போது அதுக்குத் தனியா, பெயின்டிங்குன்னு ஒரு மாச வாடகை தனியான்னு அட்வான்ஸ்ல புடிச்சுக்கிட்டுதான் மீதி குடுத்தாங்க. புதுச் சட்டம் 2019லயே வந்தாச்சு, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாதாம். ஆனா வீடு தேடி அலையுறப்ப சட்டத்தைத் தூக்கிக் காட்டினா யார் சாவியைக் குடுப்பாங்க.

ஜனவரி 25, சனி

இவ்வளவு நாள் நான் எழுதாம விட்ட விஷயம் மொட்டைமாடி. போன வெயிலுக்கு முன்னாடி ஓனரம்மா மாடி முழுக்க வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிச்சாங்க. அதுமேலதான் நாங்க மூணு செங்கல் வச்சுப் பொங்கினோம். அடியில பழைய தகரம் போட்டுதான் வச்சோம், சத்தியமா. அப்படியும் காத்துல கரி சுத்திப் படிஞ்சு தோசைக்கல் சைஸுக்கு கறுப்பு வட்டம். தை மாசம் பொறந்தாச்சு, இனிமே எந்த நாள் வேணா அவங்க வடாம் போட மேல ஏறுவாங்க.

புதன்கிழமை ராத்திரி திருட்டுத்தனமா போய் ஒரு வாளித் தண்ணி ஊத்தினதுல கரி மை மாதிரி பரவி வட்டம் இன்னும் பெருசாயிடுச்சு. இன்னைக்கு வந்த அக்காதான் தலையில அடிச்சுக்கிட்டாங்க, "கரியை யாராச்சும் ஈரத்துல தேய்ப்பாங்களாம்மா"ன்னு. மொதல்ல காஞ்ச பிரஷ்ல கூட்டி அள்ளிட்டு, அப்புறம் பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் சோடா உப்பும் போட்டு தேங்கா நாரால தேய்க்கணும். பானையடியிலயும் அடுப்புல ஏத்தும் முன்னாடி களிமண்ணோ சாம்பலோ கரைச்சுப் பூசியிருந்தா கரி அதோட உரிஞ்சு வந்திருக்குமாம். அத்தை அதைத்தான் அன்னைக்கு சொன்னாங்க, எங்க காதுல விழல. பானையை புளியும் உப்பும் போட்டு அக்காவே பளபளன்னு ஆக்கிட்டாங்க, ஈயம் பூச மட்டும் ஆள் தேடணும்.

சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தேச்சோம். கறுப்பு போயிடுச்சு!

ஜனவரி 26, ஞாயிறு

காலையில காப்பி குடிக்க மாடிக்குப் போன இவர் திரும்பி வந்து ஒண்ணும் பேசாம உக்காந்தார். போய்ப் பாத்தா, ஒரு வருஷ தூசியும் புகையும் படிஞ்சு மாடி முழுக்க சாம்பல் கலர், நடுவுல நாங்க தேச்ச எடம் மட்டும் பளீர்னு நிலா மாதிரி. கறுப்பு வட்டம் போய் வெள்ளை வட்டம்.

யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ஓனரம்மா படியேறி வந்துட்டாங்க. வட்டத்தைப் பாத்தாங்க, எங்களைப் பாத்தாங்க.

"ஏம்மா, இங்கயா பொங்கல் வச்சீங்க?"

"ஆமாம்மா..."

குனிஞ்சு விரலால தடவிப் பாத்தாங்க. "இந்த பெயின்ட் இவ்வளவு வெள்ளைன்னே மறந்து போச்சு. எதுல தேச்சீங்க?"

சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டே இவர் பக்கம் திரும்பினாங்க. "தம்பி, அடுத்த வாரம் வடாம் பிழியறேன். மீதி எடத்தையும் இப்படியே தேச்சுக் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்ப்பா."

இப்ப மணி பதினொண்ணு. இவர் மேல தேச்சுக்கிட்டு இருக்கார், நான் சோடா உப்பு வாங்க கடைக்குப் போறேன்.