எட்ட நின்றால் கிறிஸ்துமஸ், கிட்ட வந்தால் பேய்

கிறிஸ்துமஸையும், பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனையும் கலந்து செய்த ரீத் (வாசல் கதவில் மாட்டும் அலங்கார வளையம்) படங்களைப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். கறுப்பு வளையம், நடுவே ஒரு மண்டையோடு, அதன் தலையில் சான்டா தொப்பி. ஹாலோவீனில் மிஞ்சியதற்குத் தொப்பி மாட்டியதைக் கலவை என்று எப்படிச் சொல்வது? எனக்கு வேண்டியிருந்தது வேறு. வாசலுக்கு வருகிறவர் பத்தடி தள்ளி நிற்கும்போது அது அப்பட்டமான கிறிஸ்துமஸ் ரீத்தாகத் தெரிய வேண்டும். அழைப்பு மணியில் விரல் வைக்கும் தூரத்துக்கு வந்த பிறகுதான் "ஐயோ, இது என்ன!" என்று பின்வாங்க வேண்டும். ஆகவே வடிவமும் நிறமும் கிறிஸ்துமஸுக்கு, உள்ளே இருக்கும் பொருள் ஹாலோவீனுக்கு என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பம் வந்தபோதெல்லாம் இதுதான் கைகொடுத்தது.

சொல்லப்போனால் கிறிஸ்துமஸுக்குப் பேய் ஒன்றும் புதிதல்ல. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பேய்க்கதைக்கான பருவமே கிறிஸ்துமஸ்தான். ஆல்ப்ஸ் மலையூர்களில் டிசம்பர் 5 இரவு கொம்பும் சங்கிலியுமாகக் கிராம்பஸ் என்ற பூதம் தெருவில் இறங்குகிறது. வேல்ஸில் குதிரையின் மண்டையோட்டைக் கம்பில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, ரிப்பன் கட்டி, வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். மாரி லூயிட் என்று பெயர். உக்ரைனில் கிறிஸ்துமஸ் மரத்தில் சிலந்தியும் சிலந்தி வலையும் தொங்கும். மரத்தை அலங்கரிக்க வழியில்லாத ஏழை வீட்டில் சிலந்தி இரவோடு இரவாக வலை பின்னியது, விடிந்ததும் அது வெள்ளியாகவும் பொன்னாகவும் மாறியது என்று அங்கே ஒரு கதை உண்டு. இதையெல்லாம் படித்த பிறகு, ரிப்பன் கட்டிய எலும்பும் வெள்ளி வலையும் கட்டாயம் வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

அடித்தளத்துக்கு 14 அங்குலத்தில், அதாவது சுமார் 35 செ.மீ. குறுக்களவில், திராட்சைக் கொடியை முறுக்கிச் செய்த வளையம் எடுத்தேன். தெர்மாகோல் வளையம் மலிவு, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும்; பசைத் துப்பாக்கியின் சூடும் அதைக் குழிக்கும். வெறும் கம்பி வளையம் என்றால் அதை மறைக்கவே ஏகப்பட்ட இலை வேண்டும். கொடி வளையத்தில் எங்கு பார்த்தாலும் சந்து இருப்பதால் எதையும் செருகலாம், கட்டலாம். போதாததற்கு, மூடாமல் விட்ட இடம் தானாகவே பட்டுப்போன காடு மாதிரி இருக்கும். நான் இடப்பக்கக் கீழ் மூலையை அப்படியே விட்டுவிட்டேன்.

மிச்ச இடத்தில் செயற்கை ஊசியிலைக் கிளைகள். இங்கே கறுப்பு அடிக்கக் கை பரபரக்கும். முழுக்க அடித்தால் எட்டத்துக் கிறிஸ்துமஸ் அங்கேயே செத்துப்போகும். பச்சையைப் பச்சையாகவே விட்டு, இலைகளுக்கு அடியிலும் நுனிகளிலும் மட்டும் பளபளப்பில்லாத மேட் கறுப்பை 25, 30 செ.மீ. தள்ளிப் பிடித்துப் புகைபோலத் தூவினேன். இதனால் வளையத்துக்கு ஆழம் வந்துவிட்டது. கிளைகளுக்குள் இருட்டு உட்கார்ந்திருப்பதுபோல் தெரிகிறது. ஒரு எச்சரிக்கை: மென்மையான பிவிசி இலைகளில் சில ஸ்ப்ரே பெயின்டுகள் எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். பின்பக்கத்துக் கிளை ஒன்றில் அடித்து, ஒரு நாள் விட்டுத் தொட்டுப் பார்த்த பிறகு மற்றதைத் தொடுங்கள். காற்றோட்டமான இடமும் மாஸ்க்கும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் சிவப்புப் பந்துகள். கிறிஸ்துமஸ் ரீத் என்றால் கண் முதலில் தேடுவது இதைத்தான், அதனால் ஏமாற்றுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நான்கு செ.மீ. உயரத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மண்டையோடுகள் வாங்கினேன். உடைந்த பழைய அலங்காரப் பந்துகளில் இருந்து, நூல் மாட்டும் அந்தக் குட்டி உலோக மூடியைக் கழற்றி ஒவ்வொன்றின் உச்சந்தலையிலும் ஒட்டினேன். அவ்வளவுதான், மண்டையோடு பந்தாகிவிட்டது! இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த மூடிதான். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பெயின்ட் உரிந்து வரும் என்பதால் 400 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, அதன் மேல் பளபளக்கும் அடர்சிவப்பை மெல்லிய பூச்சுகளாக அடித்தேன். காய்ந்ததும் தண்ணீர் கலந்த கரும்பழுப்பு அக்ரிலிக்கைத் தடவி உடனே துடைத்தால், கண்குழியிலும் பல்லிடுக்கிலும் மட்டும் அது தங்கும்.

புல்லுருவிக்கு அதிக நேரம் பிடித்தது. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடும் புல்லுருவியில் இலைகள் சோடியாக இருக்கும், அந்தக் கவட்டையில் வெள்ளைக் காய்கள் உட்கார்ந்திருக்கும். செடியே இன்னொரு மரத்தில் வேரைச் செருகி உறிஞ்சி வாழ்வது. ஹாலோவீனுக்கு இதைவிடப் பொருத்தமான செடி எங்கே கிடைக்கும்? வெளிறிய பச்சை ஃபெல்ட் துணியில் இலைகளை வெட்டினேன். காய்களுக்குப் பதில் கண்கள். 10 மி.மீ. மர மணிகளைப் பல்குத்தியில் செருகி வெள்ளை அடித்து, தூரிகையின் பின்முனையால் பச்சை வட்டம் ஒற்றி, அதன் நடுவே பல்குத்தி நுனியால் கறுப்புப் புள்ளி வைத்தேன். நரம்புகளை மெல்லிய சிவப்புப் பேனாவில் இழுத்தேன். பேனா மை தண்ணீரில் கரையாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே வார்னிஷ் பூசும்போது எல்லாம் இளஞ்சிவப்பாகக் கலங்கிவிடும். பளபளப்பு வார்னிஷ் மட்டும் தவறவே கூடாது. ஈரம் மின்னாத கண் வெறும் மணிதான். எல்லாக் கண்களையும் முன்பக்கம் பார்க்க வைத்தால் பொம்மைக் கடை ஆகிவிடும். பாதிக்கு மேல் உள்ளே திருப்பி, வெறும் வெள்ளைக் காயாகத் தெரியவிட்டேன். சில மட்டும் வருகிறவரைப் பார்க்கின்றன.

வலைக்கு, பாக்கெட்டில் வரும் இழுக்கும் பஞ்சு வலையைத் தொடவே இல்லை. வெளியே மாட்டினால் அதில் சின்னப் பறவைகளும் தேனீக்களும் சிக்கிக்கொள்ளும். தடித்த வெள்ளைப் பருத்தி நூலில், விரல் தாராளமாக நுழையும் இடைவெளி விட்டுக் கட்டினேன். நிஜச் சிலந்தி முதலில் ஆரக்கால்களைக் கட்டும், நடுவிலிருந்து வெளிநோக்கி ஒரு தற்காலிகச் சுருளைப் போடும், பிறகு வெளியிலிருந்து உள்நோக்கிப் பசைச் சுருளைப் பின்னிக்கொண்டே அந்தப் பழைய சுருளை அகற்றிவிடும். நமக்குத் தற்காலிகச் சுருள் வேண்டாம். ஆரக்கால்களை விறைப்பாக இழுத்துக் கட்டி, வெளியிலிருந்து உள்ளே முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தால் போதும். மையத்தைச் சரியாக நடுவில் வைக்காமல் சற்று மேலே தள்ளினால் வலைக்கு உயிர் வருகிறது. குறுக்கு நூலைக் கொஞ்சம் தளர்த்தியே கட்டி, வளையத்தைப் படுக்க வைத்து, ஒவ்வொரு நூலையும் மையத்தை நோக்கி லேசாக இழுத்துவிட்டு, சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகையால் தடவினேன். பசை காய்ந்தால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். ஈரம் இருக்கும்போதே வெள்ளி மினுக்குப் பொடியையும் தூவியதால், எட்டத்திலிருந்து அது உறைபனியாகத்தான் தெரிகிறது.

மூடாமல் விட்ட அந்தக் கீழ் மூலையில், கொடிக்குள்ளிருந்து வெளியே வந்து வளையத்தைப் பற்றியிருக்கும் எலும்புக்கை ஒன்று. மணிக்கட்டில் ஆறு செ.மீ. அகல அடர்சிவப்பு வெல்வெட் ரிப்பன். ஓரத்தில் கம்பி வைத்தது, இரண்டரை மீட்டர் பிடித்தது. ரிப்பனுக்கு அடியில், தேயிலைச் சாற்றில் ஊறவைத்துக் காயவைத்த சல்லாத் துணியைக் கிழித்துத் தொங்கவிட்டேன். வெல்வெட் புதிதாகவும் துணி கல்லறையிலிருந்து வந்ததாகவும் இருப்பது நன்றாகவே சேர்ந்தது.

விளக்கில்தான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ஹாலோவீன் என்றால் பச்சை, ஊதா என்று கை போகும். பச்சை எல்இடி போட்டதும் சிவப்பு மண்டையோடுகள் கறுத்துப்போயின. சிவப்புப் பூச்சு திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளி வேண்டுமே, பச்சை விளக்கில் அது ஏது? இதமான மஞ்சள் கலந்த வெள்ளைக்குத் திரும்பினேன். மண்டையோடுகள் இரண்டில் மட்டும் பின்னால் துளையிட்டு உள்ளே ஒரு பல்பு நுழைத்திருக்கிறேன். பேட்டரிப் பெட்டியை ஜிப் டையால் பின்பக்கம் கட்டியாயிற்று. பொத்தான் பேட்டரியில் எரியும் விளக்குச் சரங்களும் உண்டு. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவை வேண்டாம். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

கனமானது எதையும் பசையை நம்பி விடவில்லை. பசைத் துப்பாக்கியின் பசை குளிரில் விறைத்துப் பட்டென்று விட்டுவிடும், வெயிலில் இளகும். மண்டையோடுகளும் கையும் 22 கேஜ் கம்பியில் கட்டப்பட்டவை, பசை கண்களுக்கு மட்டும். இதில் இன்னொரு வசதி: அக்டோபரில் வெல்வெட்டைக் கழற்றிச் சல்லாத் துணியை மட்டும் விட்டால் முழு ஹாலோவீன் ரீத், நவம்பர் முடிவில் திரும்பக் கட்டினால் கிறிஸ்துமஸ் ரீத்.

வலையில் சிலந்தி வைப்பதா வேண்டாமா என்பது மட்டும் பாக்கி இருந்தது. கறுப்பு ரப்பர் சிலந்தியை வைத்துப் பார்த்தேன். பத்தடியிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது, எடுத்துவிட்டேன். இப்போது வெள்ளிக் கம்பியில் கண்ணாடி மணிகள் கோத்து ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். நான்கு கால்கள் முடிந்திருக்கின்றன.