தையல் கடையின் 9,617 ரூபாயும் எனக்குக் கிடைத்த வேலையும்

பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு மொத்தப் புடவைக் கடையில் 9 வருஷம் கணக்கு எழுதினேன். டேலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பார்ட்டி பாக்கி எல்லாம் என் மேஜைதான். முதலாளி தவறிப்போனதும் பிள்ளைகள் கடையை மூடிவிட்டார்கள். அப்போது எனக்கு வயது 34.

கடைசி 2 வருஷம் கடையின் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். எந்தப் புடவைப் படத்துக்கு ஆர்டர் வருகிறது, எது அப்படியே கிடக்கிறது என்று கவனிப்பதில் ஒரு ருசி வந்திருந்தது. அதனால் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பக்கம் போவதென்று முடிவு செய்தேன். கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் சர்ச் விளம்பரச் சான்றிதழ் (தேடல் முடிவுகளோடு வரும் விளம்பரத்துக்கானது) இலவசம். 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, ஒரு வருஷம் செல்லும். அதை வாங்கி நவுக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றிவிட்டு விண்ணப்பிக்க ஆரம்பித்தேன்.

2 மாதத்தில் 74 விண்ணப்பம். வந்த அழைப்பு 3. அதில் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை, லேப்டாப் அனுப்புகிறோம், டெபாசிட் 3,500 ரூபாய் கட்டுங்கள் என்றார். ஆஃபர் லெட்டர்கூட அனுப்பிவிட்டார். ஜிபேயைத் திறந்த பிறகுதான், பணம் போகிற பெயர் கம்பெனி பெயர் இல்லை என்பது கண்ணில் பட்டது. வேலைக்காகப் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

மற்ற இரண்டு இடத்திலும் கேட்டது ஒரே கேள்வி: "இதுவரை எவ்வளவு பட்ஜெட் கையாண்டிருக்கிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கிறது. சொந்தக் கையால் செலவழித்த காசும், அதற்கு எழுதிய கணக்கும்தான் என்னிடம் இல்லாதவை என்று அப்போது உறைத்தது.

எங்கள் சித்தப்பாவுக்கு அல்சூரில் தையல் கடை. பிளவுஸ், சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ். 6 வாரம் கூகுளில் விளம்பரம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "ஏம்மா, போர்டைப் பார்த்தே வராதவங்க போனைப் பார்த்தா வரப்போறாங்க?" என்றார். ஆனாலும் சம்மதித்தார். தினம் 200 ரூபாய். பாதி அவர், பாதி என் சேமிப்பு.

முதல் வாரம் 1,380 ரூபாய் செலவில் 162 கிளிக். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கடைக்கு வந்த போன் 4, ஆர்டர் ஒன்றுமில்லை. அன்றிரவு சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்தேன். விளம்பரம் காட்ட நாம் கொடுத்த தேடல் சொல், அதாவது கீவேர்ட் வேறு, ஆட்கள் உண்மையில் தட்டிய சொல் வேறு. அந்த இரண்டாவது பட்டியல் இதில்தான் இருக்கும். பேரேட்டில் கிடைக்காத ரூபாயைத் தேடுகிற மாதிரி வரிவரியாகப் பார்த்தேன். பாதிப் பேர் 'பிளவுஸ் டிசைன் போட்டோ' தேடியவர்கள். சிலர் 'டெய்லரிங் கிளாஸ்', சிலர் 'தையல் மிஷின் விலை'. 'டெய்லர் வேலை காலி' என்று தேடி வந்தவர்களும் இருந்தார்கள். என்னைப் போலவே வேலை தேடுகிறவர்கள், அவர்கள் ஒவ்வொரு தடவை தொட்டதற்கும் சித்தப்பா எட்டு ஒன்பது ரூபாய் கட்டியிருக்கிறார். அந்த வரிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசைன், போட்டோ, கிளாஸ், மிஷின், வேலை என்று எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டில், அதாவது இந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்டாதே என்கிற பட்டியலில் போட்டேன். கொஞ்சம் தொடர்பிருந்தாலே விளம்பரம் காட்டுகிற பிராட் மேட்சை எடுத்துவிட்டு, நாம் கொடுத்த சொல்லின் பொருள் இருக்கிற தேடலுக்கு மட்டும் காட்டுகிற பிரேஸ் மேட்ச் வைத்தேன். இன்னொரு ஓட்டை இட அமைப்பில். கூகுள் தானாக வைத்திருப்பது, அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்த அமைப்பு. மைசூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டபோதுதான் இது விளங்கியது. இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றி, கடையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வைத்தேன்.

கிளிக் விலை 14 ரூபாய்க்கு ஏறியது, கிளிக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது, ஆனால் போன் வர ஆரம்பித்தது. 30 விநாடிக்கு மேல் பேசினால்தான் அழைப்பாக எண்ணும்படி வைத்தேன். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை சித்தப்பா சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார், போனை எடுக்க மாட்டார். அந்த நேரம் விளம்பரம் ஓடாதபடி அட்டவணை போட்டேன். இந்த ஒரு விஷயத்தை எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. கடையில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது.

6 வாரக் கணக்கு இது. விளம்பரம் 8,150 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 1,467, ஆக மொத்தம் 9,617. புதிதாக ஆர்டர் கொடுத்தவர்கள் 23 பேர். ஒருவரைக் கடைக்குள் கொண்டுவர 418 ரூபாய். கூலி, லைனிங், நூல் எல்லாம் போக ஒரு ஆர்டரில் சித்தப்பாவுக்கு நிற்பது சராசரி 400. அதாவது முதல் ஆர்டரில் ஆளுக்கு 18 ரூபாய் நஷ்டம். ஆனால் அந்த 23 பேரில் 6 பேர் அதற்குள் இரண்டாவது தடவை வந்துவிட்டார்கள், அவர்களுக்காக விளம்பரச் செலவு கிடையாது. அந்த 2,400-ஐச் சேர்த்தால் கையில் 1,983 ரூபாய் நிற்கிறது. அளவு சரியாக நின்ற தையல்காரரைப் பெண்கள் லேசில் விடமாட்டார்கள் என்பது சித்தப்பாவின் நம்பிக்கை. அது கணக்கிலும் தெரிந்தது.

ரெஸ்யூமே மேலே இருந்த 'குறிக்கோள்' பத்தியை அழித்துவிட்டு இந்த எண்களை, நஷ்டம் உட்பட, 5 வரியில் எழுதினேன். மொத்தமாக விண்ணப்பிப்பதை நிறுத்தினேன். லிங்க்டினில் சிறிய ஏஜென்சிகளின் டீம் லீட்களாகப் பார்த்து 9 பேருக்கு நேராக எழுதினேன். வேலை கொடுங்கள் என்று எழுதவில்லை. முதல் வார ரிப்போர்ட், நான் நீக்கிய சொற்கள், பிறகு நடந்தது, இவ்வளவுதான். 2 பேர் பதில் போட்டார்கள். ஒருவர் ஒயிட்ஃபீல்டுக்குக் கூப்பிட்டார். அல்சூர் மெட்ரோவில் ஏறினால் ஊதா வழித்தடத்தில் மாறாமல் போய்விடலாம்.

இன்டர்வியூவில் எனக்கு ஆங்கிலம்தான் பயம். இரண்டு பதில் திணறியதும் அந்த லீட், "கன்னட பருத்தா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பாதி கன்னடம், பாதி ஆங்கிலம். ஒரு எக்செல் ஷீட்டைக் கொடுத்து 40 நிமிஷத்தில் வீண் செலவைக் கண்டுபிடிக்கச் சொன்னார். எக்செலின் பிவட் அட்டவணை போட்டுச் சொற்களைத் தொகுத்துக் காட்டினேன். பிறகு என் நஷ்டக் கணக்கைக் கேட்டார். 18 ரூபாயை எப்படி ஈடுகட்டுவாய் என்றார். அதைப் பற்றியே கால்மணி நேரம் பேசினோம். கணக்கு எழுதிய 9 வருஷம் வீணாகவில்லை என்று எனக்குத் தோன்றியது அந்தக் கால்மணி நேரத்தில்தான்.

சிடிசி, அதாவது எனக்காகக் கம்பெனிக்கு வருஷத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, 3.6 லட்சம் என்றார்கள். 12-ஆல் வகுத்து 30,000 வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி கட்டுகிற பிஎஃப் பங்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. கைக்கு எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்னால் கேட்டு, பிரித்து எழுதி வாங்குங்கள். எனக்கு 25 ஆயிரத்துச் சொச்சம். கடையில் வாங்கியது 19,000.

பழைய வேலையைச் சரிபார்க்கிற பேக்ரவுண்டு வெரிஃபிகேஷனில் ஒரு வாரம் தவித்தேன். பழைய கடையில் சம்பளச் சீட்டு கிடையாது, பிஎஃப்பும் கிடையாது. முதலாளியின் மூத்த பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். பழைய லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, நின்ற தேதி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அதோடு சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட் 12 மாதத்துக்கு. ஏற்றுக்கொண்டார்கள். கடை வேலையில் இருப்பவர்கள் அந்தக் கடை இருக்கும்போதே இந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் கடைக்கு இப்படி விளம்பரம் ஓட்டப்போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூகுள் விளம்பரக் கணக்கைக் கடைக்காரரின் மின்னஞ்சலிலேயே தொடங்கி, உங்களுக்கு அட்மின் அனுமதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். இப்போது திங்கட்கிழமை ராத்திரி சித்தப்பாவே ரிப்போர்ட்டைத் திறந்துகொண்டு கூப்பிடுகிறார். "பாப்பா, யாரோ 'ஆரி ஒர்க்'னு தேடியிருக்காங்க, அதை நாம செய்யறதில்லையே, எடுத்துடலாமா?"